பின்சீட்டில் கேக்

மைதானத்துக்குள் நுழையும்போதே மார்லீன் கோவாச்சுக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்குத் தன் வண்டியைத்தான் கூண்டில் ஏற்றப்போகிறார்கள் என்று. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கையாட்டுகிறவர்கள் இன்று காபிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய சிவப்பு மஸ்டாங் கார் கடந்து போகும்வரை பேச்சு நின்றது. கடந்த பிறகு மறுபடி தொடங்கியது.

அமெரிக்காவின் டேட்டன் நகரத்தின் விளிம்பில், மூடிப்போன ஒரு பெரிய துணிக்கடையின் முன்னால் இருந்தது அந்த மைதானம். பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எழுத்துகளின் வெளிறிய தடம் மட்டும் சுவரில் மிச்சமிருந்தது. அங்கே கூடுகிறவர்கள் பணக்காரர்கள் இல்லை. கூரை வேய்கிறவர்கள், நர்சுகள், கிடங்கில் பெட்டி தூக்குகிறவர்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஆளுக்கொரு இரண்டு கதவு வண்டி வாங்கியிருந்தார்கள். விலை கைக்கு எட்டும், வேகம் கண்ணுக்கு எட்டாது, அப்படிப்பட்ட வண்டிகள்.

போன மாதம் எங்கிருந்தோ ஒரு கறுப்பு மஸ்டாங் வந்தது. அதை ஓட்டிவந்த பையன் கிளம்பும்போது வாசலில் செல்போன்களோடு நின்ற கூட்டத்தைப் பார்த்தான். ஆக்ஸிலேட்டரை ஒரே மிதியாக மிதித்தான். வண்டியின் பின்பக்கம் சுழன்று, ஒரு விளக்குக் கம்பம் வேரோடு சாய்ந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் இடத்துக்காரர், இன்னொரு தடவை இப்படி ஆனால் கேட்டைப் பூட்டிவிடுவேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கம்பம் போன பிறகு அதன் சிமெண்ட் அடிக்கட்டை மட்டும் நின்றது. பெர்னி ஓக்ஸ் இப்போது அதன்மேல்தான் ஏறி நின்றார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் கூட்டத்தைத் தொடங்கியவரும் கட்டி மேய்ப்பவரும் அவர்தான். அவருடையது ஒரு வெள்ளை கமாரோ.

"விஷயம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். மஸ்டாங்கை இனிமே உள்ள விடலாமா, வேண்டாமா? கையைத் தூக்கறதுக்கு முன்னாடி பேசறவங்க பேசிடுங்க."

ட்ரென்ட் ஹாஸ்லி முன்னால் வந்தான். முப்பது வயது, நீல நிறத்தில் ஒரு பி.ஆர்.இசட், சின்ன ஜப்பான் வண்டி. வளைவில் எப்படித் திரும்ப வேண்டும் என்று கேட்காதவர்களுக்கும் சொல்லித்தருவான். ஆனால் வெறும் வாய் இல்லை. இன்று காலையிலும் ஆரஞ்சுக் கூம்புகளுக்கு நடுவே ஓட்டிப் பார்த்ததில் அவனுடைய சுற்றுதான் எல்லாரையும்விட வேகம்.

"எனக்கு யார் மேலயும் கோவமில்ல," என்றான். "ஆனா ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ஜாதகம் இருக்கு. ஆளு வண்டியைத் தேடிப் போறதில்ல, வண்டிதான் அதுக்கேத்த ஆளைப் பிடிக்குது. சாலஞ்சரை எடுத்துக்கங்க. நேரா போகும், ராஜா மாதிரி போகும். திரும்பணும்னா மட்டும் முந்தின நாளே மனு போடணும்."

"நான் எங்கடா திரும்பினேன்?" என்றான் டேவியன். சோபா போல அகலமான தன் சாலஞ்சரின் முகப்பில் சாய்ந்து டோனட் தின்றுகொண்டிருந்தான். "வேலைக்கு நேர் ரோடு. வீட்டுக்கு நேர் ரோடு. மாமியார் வீடுதான் திருப்பத்துல இருக்கு."

சிரிப்பு எழுந்தது. ட்ரென்ட்டுக்கு உற்சாகம் ஏறியது.

"கமாரோ நல்லாத் திரும்பும். மன்னிச்சுக்கங்க பெர்னி, ஆனா வெளிய பார்க்க ஜன்னல் வெக்க மறந்துட்டாங்க. தபால் பெட்டிக்குள்ள உக்காந்து ஓட்டற மாதிரி. அதான் கமாரோக்காரங்க யாரையும் மதிக்கறதில்ல. யாரும் கண்ணுல பட்டாத்தானே?"

"உன் மூஞ்சி கண்ணுல படக்கூடாதுன்னுதான்டா அதை வாங்கினேன்," என்றார் பெர்னி.

"சரி, உன் வண்டி?" என்று கேட்டாள் மார்லீன். கூட்டம் முதன்முறையாக அவள் பக்கம் திரும்பியது.

"என் வண்டி வளைவுக்குன்னே பொறந்தது. பலம் கம்மி, ஒத்துக்கறேன். அதனால ஓட்டறவனுக்குக் கொஞ்சம் மூளை வேணும்."

"வாயும் வேணும்," என்றான் டேவியன். "அது ஸ்டெப்னி மாதிரி எக்ஸ்ட்ராவாவே வருது."

"அப்ப என்னோடது?"

ட்ரென்ட் ஒரு கணம் தயங்கினான். "மஸ்டாங் நல்ல வண்டி, மார்லீன். ஆனா அதை வாங்கறவங்களுக்குக் கூட்டத்தைப் பார்த்தா வலது கால்ல பேய் புகுந்துடுது. உங்களைச் சொல்லல. பொதுவாச் சொல்றேன்."

உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். மார்லீன் அந்த வாக்கியத்தைக் கையில் வைத்துப் புரட்டிப் பார்ப்பதுபோல நின்றாள். இந்தக் கேலி அவளுக்குப் புதிதில்லை. அவளுடைய பிறந்தநாளுக்கு ஒரு ஆரஞ்சுக் கூம்புக்கு ரிப்பன் கட்டி, 'இதை மட்டும் இடிக்காதீங்க' என்று எழுதி வண்டியின் மேல் வைத்திருந்தார்கள். அன்று அவள்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

இருபது வருஷமாகக் கல்யாண கேக் செய்து, தானே வெள்ளை வேனில் கொண்டுபோய் இறக்குகிறவள் அவள். மண்டபங்களில் அவளுக்குப் பெயர் கிடையாது. 'கேக் வந்தாச்சா?' என்பார்களே தவிர, மார்லீன் வந்தாளா என்று யாரும் கேட்டதில்லை. அவள் வந்தாளா என்று கேட்கிற ஒரே இடம் இந்த வெடித்துப்போன தார்த் தரை. இரண்டு வருஷத்துக்கு முன் அந்தச் சிவப்பு வண்டியில் முதன்முதலாக உள்ளே வந்தபோது பெர்னி கண்ணாடியைத் தட்டி, "பேர் என்ன கண்ணு?" என்று கேட்டார். அன்று இரவு அவள் தன் பெயரை இருட்டில் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"பெர்னி, இன்னிக்குச் சாவி மாத்தற நாள்தானே?" என்றாள்.

பனிக்காலம் தொடங்குமுன் வரும் கடைசிக் கூட்டத்தில் எல்லாரும் சாவியை மாற்றிக்கொள்வார்கள். ஒருவர் வண்டியை மற்றவர் கூம்புகளுக்கு நடுவே ஓட்டிப் பார்ப்பார்கள். வருஷா வருஷம் நடப்பது.

"ஆமா. ஓட்டெடுப்பு முடிஞ்சதும்."

"அதை முதல்ல வெச்சுக்கலாம். ட்ரென்ட், உன் சாவியை எனக்குக் குடு, என்னோடதை நீ எடுத்துக்க. மஸ்டாங்காரங்க கால்லதான் பேய்னா, உன் வண்டியையும் நான் நாசம் பண்ணிடுவேன். நீ என் வண்டியைப் பூ மாதிரி கொண்டு வந்து நிறுத்திடுவ. அப்படி ஆச்சுன்னா ஓட்டே வேணாம். நானே கிளம்பிப் போயிடறேன். திரும்ப வரமாட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. யாராவது வேண்டாம் என்று தடுக்கமாட்டார்களா என்று பார்த்தாள். அதற்குள் மைதானம் முழுக்க "ஓஓஓ" என்று கிளம்பிவிட்டது. அந்தச் சத்தத்தில் ட்ரென்ட்டின் கை தானாகவே பைக்குள் போனது.

அவன் மஸ்டாங்கில் ஏறி இருக்கையைச் சரிசெய்யும்போது மார்லீன் ஜன்னலில் குனிந்தாள். தோற்கடிக்க வேண்டியவனுக்கு யோசனை சொல்வது மடத்தனம் என்று தெரியும். ஆனால் அது அவளுடைய வண்டி.

"தம்பி, டயர் சில்லுனு இருக்கு. ராத்திரி பெஞ்ச ஈரம் வேற. பின்சீட்டுல மூணு அடுக்கு கேக் இருக்குன்னு நினைச்சுக்கிட்டு ஓட்டு."

"எனக்குக் கேக்கே பிடிக்காது மார்லீன்," என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

நன்றாகத்தான் ஓட்டினான். முதல் வரிசைக் கூம்புகளுக்கிடையே வலமும் இடமுமாக, மாலை தொடுப்பதுபோல நுழைந்து வெளியே வந்தான். தன் வண்டி வேறொருவனுக்கு இவ்வளவு பணிந்து போவதைப் பார்க்க மார்லீனுக்கு வலித்தது. சிமெண்ட் அடிக்கட்டையைச் சுற்றி, முடிவுக் கட்டத்தை நோக்கி அவன் திரும்பினான். அங்கே ஒரு நேர்ப்பாதை. இரண்டு பக்கமும் தள்ளிக் கட்டியிருந்த கயிற்றுக்குப் பின்னால் கூட்டம், தூக்கிப் பிடித்த செல்போன்கள்.

அவன் அவற்றைப் பார்த்தான். அவன் பார்த்ததை மார்லீன் பார்த்தாள்.

"வேண்டாம்," என்றாள், யாருக்கும் கேட்காத குரலில்.

இன்ஜின் உறுமியது. நெஞ்செலும்புக்குள் கேட்கிற சத்தம் அது. அவளுக்கு அது தெரியும், அதற்காகத்தானே வாங்கினாள். பின் டயர்கள் ஈரத்தில் வழுக்கின. வால் இடப்பக்கம் விலகியது, அவன் திருப்பினான், இப்போது வலப்பக்கம். கூம்புகள் பயந்த கோழிகளைப்போல நாலாபக்கமும் சிதறின. ஒன்று உருண்டு வந்து பெர்னியின் செருப்பில் முட்டி நின்றது. வண்டி ஒரு முழுச் சுற்றும் அரைச் சுற்றும் சுற்றி, வந்த வழியைப் பார்த்தபடி, கீறல் இல்லாமல் நின்றது.

டேவியன் டோனட்டைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினான்.

"வந்துட்டான்யா மஸ்டாங்காரன்!"

மைதானம் அதிர்ந்தது. ட்ரென்ட் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். முகம் சர்க்கரைப் பூச்சுபோல வெளுத்திருந்தது.

"நான் வேற ஒண்ணும் பண்ணல," என்றான் மார்லீனிடம். "கூட்டத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான். பார்த்தேன்."

"தெரியும்ப்பா," என்றாள். "இப்ப உன் வண்டிச் சாவியைக் குடு."

அவன் வண்டி தரையோடு தரையாக இருந்தது. உட்கார்ந்தால் குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்ததுபோல. ரோடு முழங்கை உயரத்தில் ஓடியது. பிடிக்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் கியரைப் போட்டாள். முதல் கூம்பிலேயே அந்த முடிவு போய்விட்டது. நினைத்த இடத்துக்கு, நினைத்து முடிப்பதற்குள் வண்டி போய்விட்டது. தன் மஸ்டாங் தோளில் கை போட்டு இழுத்துச் செல்லும் நண்பன் என்றால், இது விரலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவருகிற ஒன்று. இப்படி ஒரு வண்டியை வைத்துக்கொண்டுமா இந்தப் பையன் இவ்வளவு பேசுகிறான்? பேசாமல் ஓட்டிக்கொண்டே இருக்கலாமே!

அடிக்கட்டையைச் சுற்றித் திரும்பினாள். அதே நேர்ப்பாதை, அதே கூட்டம், அதே செல்போன்கள். அப்போதுதான் அது வந்தது. வலது பாதத்தின் நடுவில் ஒரு குறுகுறுப்பு, ஒரு வெதுவெதுப்பு. மிதி, எல்லாரும் பார்க்கிறார்கள், மிதி. ஓ, நீதானா அது, என்று நினைத்துக்கொண்டாள். இது சிவப்பு வண்டியில் குடியிருக்கும் பேய் இல்லை. நீல வண்டியிலும் ஏறிக்கொண்டது. பார்க்கிற கண்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கே அதுவும் இருக்கும்.

அவள் பின்சீட்டை நினைத்தாள். மூன்று அடுக்கு, விளிம்பெல்லாம் சர்க்கரை ரோஜா. ஜூன் மாத வெயிலில், குண்டும் குழியுமான பாலத்தின் மேல், ஒரு இதழ்கூட உதிராமல் கொண்டுபோய்ச் சேர்த்த இருபது வருஷங்கள். மெதுவாகப் போவதால் கேக் பிழைப்பதில்லை. தாமதமாகிவிட்ட மண்டபங்களுக்கு அவள் பறந்தேதான் போயிருக்கிறாள். பாதம் பதறாமல் இருந்தால் போதும். பாதத்தை முட்டைமேல் வைப்பதுபோல வைத்து, அழுத்தி, இன்னும் அழுத்தினாள். வண்டி வழுக்காமல், குலுங்காமல், வில்லிலிருந்து அம்பு போவதுபோலப் போய், முடிவுக் கட்டத்தின் நடுவில் நின்றது.

ஒரு கூம்புகூடத் தலையாட்டவில்லை.

பெர்னி கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். குலுக்கினார். மறுபடி பார்த்தார்.

"ட்ரென்ட், காலையில நீ உன் வண்டியில போனல்ல?"

"ஆமா."

"அதைவிட வேகம்."

அதற்குப் பிறகு பெர்னி பேசியது எதுவும் யாருக்கும் கேட்கவில்லை. டேவியன் ஓடிவந்து அவளை அந்தத் தாழ்ந்த இருக்கையிலிருந்து பிடுங்கி எடுப்பதுபோலத் தூக்கிச் சுற்றினான். "மார்லீன்! மார்லீன்!" என்று கூட்டம் கத்தியது. யாரும் கேக் என்று சொல்லவில்லை. அவளுக்குக் கண்ணாடி பனிபிடித்ததுபோலாகி, அதைத் துடைக்கக் கை போன பிறகுதான் தான் கண்ணாடி அணிவதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

"சரி சரி, ஓட்டு பாக்கி இருக்கு," என்று பெர்னி அடிக்கட்டைமேல் ஏறினார். "மஸ்டாங் வேணாம்ங்கறவங்க கையைத் தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை. ட்ரென்ட் இரண்டு கைகளையும் பைக்குள் திணித்துக்கொண்டு நின்றான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"நான் ஒண்ணு சொல்லவா? வாசல்ல வித்தை காட்டறவன் யாரா இருந்தாலும், எந்த வண்டியா இருந்தாலும், ஒரு வருஷம் உள்ள வரக்கூடாது. அப்படி வெச்சுக்கலாம்."

"வெச்சா முதல்ல மாட்டப்போறது நீதான்டா," என்றான் டேவியன்.

"நான் வாசல்ல பண்ணல. உள்ளதான் பண்ணேன்," என்று சொல்லிவிட்டு, அவனே முதலில் சிரித்தான். அத்தனை கைகளும் உயர்ந்தன.

மார்லீன் அவனிடம் சாவியை நீட்டினாள். "உன் வண்டி தங்கம். தெரியுமா உனக்கு?"

"தெரியும்," என்றான். கொஞ்சம் பொறுத்து, "உங்களோடதும்தான். அடுத்த தடவை... அந்தக் கேக் விஷயத்தை எனக்கு ஒழுங்காச் சொல்லிக் குடுங்க."

அவள் கிளம்பும்போது வாசலுக்கு வெளியே நடைபாதையில் வழக்கமான கும்பல் நின்றது. இவர்கள் யாருடைய நண்பர்களும் இல்லை. உள்ளே நடந்தது எதுவும் தெரியாது. வாராவாரம் ஒரு மஸ்டாங்காவது சறுக்காதா என்று செல்போனோடு காத்திருக்கிறவர்கள். சிவப்பு வண்டியைக் கண்டதும் கைகள் உயர்ந்தன. "மிதி அக்கா! மிதி!" என்று கூவினார்கள்.

மார்லீன் வாசலில் நிறுத்தினாள். இடம் பார்த்தாள், வலம் பார்த்தாள். திரும்பும் விளக்கைப் போட்டாள். அது டிக் டிக் என்று நிதானமாக அடித்தது. பிறகு ஒரு மாமியைப்போல அடக்கமாகத் திரும்பி ரோட்டில் சேர்ந்தாள்.

"சே!" என்று ஒருவன் தலையிலடித்துக்கொண்டான். "ஊஊஊ..." என்று மொத்தக் கும்பலும் ஏமாற்றத்தில் ஊளையிட்டது. அவள் ஜன்னலை முழுக்க இறக்கி, அந்த ஊளையைக் கடைசி வரை கேட்டாள். எந்தக் கைதட்டலும் அவளுக்கு அவ்வளவு இனிப்பாக இருந்ததில்லை.

நெடுஞ்சாலையில் ஏறுகிற சரிவு வந்தது. ரோடு காய்ந்து கிடந்தது. டயர்கள் சூடேறியிருந்தன. முன்னால் வண்டி இல்லை, பக்கத்தில் ஆள் இல்லை, பார்க்கிற கண் ஒன்றுகூட இல்லை. கண்ணாடியில் ஒரு தடவை பின்சீட்டைப் பார்த்துக்கொண்டாள்.

கேக் இல்லை.

மார்லீன் மிதித்தாள்.