மேவிஸின் வலப்பக்கம்

பதினேழு நாளும் நாலு மணி நேரமும் கழித்து கெரின் தன் வீட்டுக் கதவைத் திறந்தாள். பெட்டியை வாசலிலேயே விட்டாள். காலணியைக் கழற்றவில்லை. கணவன் ரஸ் கைகளை விரித்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தான். அவனைத் தாண்டிப் போய் மீன்தொட்டியின் முன் குந்தினாள்.

"சரிதான்," என்றான் ரஸ். "பன்னெண்டு வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்கு ரெண்டாவது இடந்தான்."

"யாரு சொன்னா? உனக்குப் பத்தாவது இடம். உள்ள ஒம்பது பேர் இருக்காங்கல்ல."

எண்ணிப் பார்த்தாள். ஒன்பதும் இருந்தன. எழுந்து அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் கழுத்து வெயிலில் வெந்து தோலுரிந்திருந்தது.

"என்ன இது?"

"புல் வெட்டினேன். தொப்பி போட மறந்துட்டேன்."

அடிலெய்டில் அம்மாவுக்கு இடுப்பு அறுவை சிகிச்சை. கெரின் போயே ஆகவேண்டியிருந்தது. ஒவ்வொரு வருடமும் ரஸ் தன் நண்பர்களோடு முர்ரே ஆற்றுக்குத் தூண்டில் போடப் போவான். இந்த முறை போகவில்லை, வீட்டிலிருந்து மீன்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவனாகவே சொன்னான். இணையம் வரவில்லை என்று அவன் சொன்ன இரண்டு நாள் தவிர, தினமும் மாலையில் கைப்பேசியைத் தொட்டிக்கு நேரே பிடித்துக் காட்டினான்.

தொட்டியில் இருந்தவை கோமாளி அயிரைகள். கையகல நீளம், ஆரஞ்சு உடம்பு, மூன்று கறுப்புப் பட்டைகள், வாயோரம் மீசை. வருகிறவர்களுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். நடுப்பட்டையைப் பாருங்கள் என்பாள் கெரின். ஒன்றுக்கு அது ஆப்பு மாதிரி இறங்கும். ஒன்றுக்கு நுனி பிளந்திருக்கும். மேவிஸுக்கு மட்டும் அந்தக் கறுப்புக்குள் மிளகளவு ஆரஞ்சுப் பொட்டு. மேவிஸ்தான் மூத்தவள், கெரினின் கல்யாணத்துக்கு முந்தியவள். மீசை முளைத்த ஒரு பெரியத்தையின் பெயரைத்தான் அவளுக்கு வைத்திருந்தாள்.

இந்த மீன்கள் செத்ததுபோலப் பக்கவாட்டில் விழுந்து தூங்கும். கல்யாணமான புதிதில் மேவிஸ் அப்படிக் கிடந்ததைப் பார்த்து ரஸ் அலறிக்கொண்டு ஓடிவந்தான். விருந்துக்கு யார் வந்தாலும் தணலில் இறைச்சியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அந்தக் கதையை அவனே சொல்லிச் சிரிப்பான்.

கெரின் வெள்ளரித் துண்டு ஒன்றைத் தொட்டிக்குள் போட்டாள். மீன்கள் மொய்த்தன. டிக், டிக் என்று சத்தம் வந்தது, யாரோ நாக்கைச் சொடுக்குவதுபோல. அயிரைகள் தீனி கண்டாலும் சொடுக்கும், சண்டையிலும் சொடுக்கும், பயந்தாலும் சொடுக்கும். பொட்டு வைத்தவள் மட்டும் மரக்கட்டைக்கு அடியிலிருந்து வரவில்லை.

"கோவமா இருக்கா," என்றான் ரஸ். "விட்டுட்டுப் போயிட்டல்ல."

கெரினுக்கு அது நியாயமாகவே பட்டது.

புதன்கிழமை காலையில் மேவிஸின் வாலில் வெள்ளைப் புள்ளிகள், உப்புத் தூவியதுபோல. மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டின் மேல் வந்துவிட்டன. கெரின் மீன் வளர்ப்போர் சங்கத்தின் நோயலைக் கூப்பிட்டாள்.

"வெண்புள்ளியா? உன் தொட்டிலயா?" நோயல் சிரித்தேவிட்டார். "புதுச் செடி வாங்குனாகூட ஆறு வாரம் தனித்தொட்டில வெக்கிற பொம்பள நீ."

"ஆறு வருஷமா ஒரு மீன்கூட வாங்கல, நோயல்."

"அப்ப எங்கேருந்து வரும்? வானத்துலேருந்து குதிக்குமா? ரஸ்ஸக் கேளு."

"அவன் எங்க மீன் வாங்கப் போறான்?"

"அதுஞ்சரி. அவன் வாங்குற மீன் பொரிச்சு, சிப்ஸோடதான் வரும்." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "இங்க பாரு பொண்ணே. சூட்ட முப்பதுக்கு ஏத்து. அயிரைக்கு மருந்து பாதிதான், அதுக்குச் செதில் இல்லன்னே வெச்சுக்கோ. ஆனா வெளியேருந்து எதுவும் வந்துச்சான்னு மொதல்ல தெரிஞ்சுக்கோ. வந்த எடத்துல வேற என்ன நோய் இருந்துச்சு, என்ன மருந்து குடுத்தாங்கன்னு தெரியாம நீ ஊத்துனேன்னா மொத்தக் கூட்டமும் போயிடும்."

மாலையில் ரஸ் வேலையிலிருந்து வந்ததும் கேட்டாள்.

"இந்தத் தொட்டிக்குள்ள எதையாவது விட்டியா?"

"நானா? தீனி போட்டதோட சரி. வெரலக்கூட விடல."

"உண்மையச் சொல்லு, ரஸ். இதுங்க சாகப் போகுது."

"என்ன கெர், போலீஸ்காரி மாதிரி கேக்குற? ஒண்ணும் விடலம்மா."

அவள் நம்பினாள். பன்னிரண்டு வருடத்தில் நம்பாமலிருக்க அவன் எந்தக் காரணமும் தந்ததில்லை. ஹீட்டரின் சூட்டை ஏற்றினாள். மருந்துப் புட்டியை எடுத்து, திறக்காமல் வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் புள்ளிகளை எண்ண டார்ச்சோடு உட்கார்ந்தாள். வெளிச்சம் பட்டதும் பொட்டு வைத்தவள் கட்டையடியிலிருந்து விலகித் திரும்பினாள். வலப்பக்கம் தெரிந்தது.

ஒரு மீனுக்கு இரண்டு பக்கமும் ஒன்றல்ல. மேவிஸுக்குப் பொட்டு இடப்பக்கம் மட்டும். வலப்பக்கத்தில் நடுப்பட்டையின் நுனி தூண்டில்முள் போல வாலைப் பார்த்து வளைந்திருக்கும். இந்த மீனுக்கு அது நேராக இறங்கியிருந்தது.

கெரின் டார்ச்சை அணைத்தாள். மறுபடியும் போட்டாள். நேராகத்தான் இருந்தது.

மெல்ல எழுந்து சமையலறைக்குப் போனாள். ஃப்ரிட்ஜ் கதவில் மேவிஸின் படம் காந்தத்தில் தொங்கியது. அவளே எடுத்த படம். இடப்பக்கம். காகிதத்தின் நடுவே புதிதாக ஒரு மடிப்பு விழுந்திருந்தது, யாரோ சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனதுபோல.

ரஸ் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தான். புல் அவன் கணுக்காலுக்கு மேல் வளர்ந்திருந்தது.

"என் மேவிஸ் எங்க?"

அவன் ஈரச்சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"உள்ளதான இருக்கா."

"உள்ள இருக்கிறது யாருன்னு எனக்குத் தெரியாது. என் மேவிஸ் எங்கன்னு கேக்குறேன்."

அவன் எலுமிச்சை மரத்தைப் பார்த்தான். வேரோரம் ஒரு திட்டில் மண் புதிதாக இருந்தது.

"செத்துட்டா, கெர். நீ போன நாலாம் நாள் காலைல. வெளுத்துச் சாம்பலா கெடந்தா. கட்டை இடுக்குல, தலைகீழா."

"எனக்கு ஏன் சொல்லல?"

"உங்கம்மா ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாவது நாள். போன்ல நீயே அழுதுட்டு இருந்த. அது மேல இதுவுமான்னு..." சட்டையைக் கொடியில் போட்டான். அது கீழே விழுந்தது. "அந்தப் படத்த எடுத்துக்கிட்டு மெல்பர்ன் வரைக்கும் ஓட்டிட்டுப் போனேன். நாலு கடை ஏறி எறங்கினேன். கடைசிக் கடைல அந்தப் பொட்டு இருந்துச்சு. என்ன மருந்து போட்டாங்கன்னு வேணா இப்பவே போன் பண்ணிக் கேக்குறேன்."

"போன்ல காட்டுனியே. மேவிஸ் உன்னக் கேக்குறான்னு. நானும் அதுகிட்டக் கொஞ்சிக் கொஞ்சிப் பேசினேனே. பக்கத்துல நின்னு சிரிச்சியே, ரஸ்."

அவன் கொடியிலிருந்த கவ்வி ஒன்றைக் கழற்றி மறுபடி மாட்டினான்.

"எப்பச் சொல்றதா இருந்த?"

"சொல்றதா இல்ல," என்றான். "நீ சந்தோஷமா இருந்தாப் போதும்னு நெனச்சேன்."

அது அன்புதானோ என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மீன்களைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. ரஸ் கடைக்குப் போன் போட்டான். அவர்கள் செம்பு மருந்து போட்டிருந்தார்கள். அதோடு இவள் வைத்திருந்த மருந்தும் சேர்ந்திருந்தால் புது மீன் நிச்சயம் போயிருக்கும். அதைத் தனியே எடுத்துவிட்டால் மற்ற எட்டுக்கும் மருந்தைத் தொடங்கலாம்.

மீன்வலை எப்போதும் துணி துவைக்கும் அறையில்தான் இருக்கும். அங்கே இல்லை. துணிக்கூடைக்குப் பின்னால், சோப்புப்பொடி டப்பாவுக்கு அடியில், சுருட்டி வைத்திருந்தது. விரித்தாள். அடியில் ஒரு ஓட்டை, கத்தரியால் வட்டமாக வெட்டியது.

கெரின் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

கோமாளி அயிரைக்குக் கண்ணுக்குக் கீழே ஒரு முள் உண்டு. சாதாரணமாகத் தோலுக்குள் மடங்கிக் கிடக்கும். பயந்தால் வெளியே சிலிர்த்து நிற்கும், வலையில் சிக்கும். அப்போது இழுக்கக் கூடாது, வலையைத்தான் வெட்ட வேண்டும். இதை ரஸ்ஸுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். பயந்தால் மீன் நிறம் வெளுத்துச் சாம்பலாகும் என்பதைச் சொன்னோமா என்று யோசித்தாள். சொன்னதாக நினைவில்லை.

செத்த மீன் எதற்குப் பயப்படும்?

வலையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். ரஸ் விழுந்த சட்டையை உதறிக்கொண்டிருந்தான். வலையைப் பார்த்ததும் உதறுவதை நிறுத்தினான்.

"கழுத்து எப்படி வெந்துச்சு, ரஸ்?"

"சொன்னேனே..."

"புல் முழங்கால் வரப்போகுது."

தெருவில் யாரோ குப்பைத்தொட்டியை இழுத்துப் போனார்கள்.

"ஆத்துக்குப் போனியா?"

"ரெண்டு நாள்தான். பசங்க விடல. பத்து நாளைக்குக் கொஞ்சங் கொஞ்சமாக் கரையற தீனிக்கட்டி ஒண்ணு வாங்கி உள்ள போட்டேன். கெளம்பறப்போதான் இவளப் பாத்தேன். குச்சியால தட்டினேன், அசையல. அப்படியே விட்டுட்டுப் போனா நாறிடும், மத்ததும் சாகும்னு நீதான சொல்லியிருக்க."

"வலைல மாட்டினாளா?"

"மாட்டினா."

"முள் வெளிய நின்னுச்சா?"

"எனக்கு அப்பத் தோணல, கெர். சத்தியமா. வெட்டி எடுத்தேன், பேப்பர்ல சுத்தினேன், குழி தோண்டினேன். உள்ள வெச்சப்புறம்தான்..."

"வெச்சப்புறம் என்ன?"

அவன் சட்டையை இரண்டு கையாலும் முறுக்கினான். தண்ணீர் அவன் காலில் சொட்டியது. அவள் முகத்தைப் பார்க்காமல் எலுமிச்சை மரத்தைப் பார்த்துச் சொன்னான்.

"பேப்பருக்குள்ளேருந்து சத்தம் வந்துச்சு. டிக், டிக்னு. வாசல்ல பசங்க ஹார்ன் அடிச்சிட்டே இருந்தாங்க. நான் மண்ணத் தள்ளிட்டேன்."