சங்கத்துக் காசு

கிளிநொச்சிக்குக் கிழக்கே, இரணைமடு வாய்க்கால் பாயும் குடியேற்றத் திட்டம் ஒன்றில் சிக்கன கடனுதவிச் சங்கம் இருந்தது. அதன் பொருளாளர் விமலேஸ்வரி. வாரத்தில் ஒரு நாள் பள்ளிக்கூட மண்டபத்தில் அங்கத்தவர்கள் கூடுவார்கள். இயன்றதைச் சேமிப்பில் போடுவார்கள். தேவைப்பட்டவர் அதிலிருந்து கடன் எடுப்பார். நகை அடகு வைக்கத் தேவையில்லை, அங்கத்தவர் இருவர் பிணை நின்றால் போதும். அதற்கு முன்பெல்லாம் விதைநெல்லை வியாபாரியிடம் கடனாக வாங்கி, சூடடித்த நெல்லை அவர் சொன்ன விலைக்கே அளந்துவிட்டு வெறுஞ்சாக்குடன் வீடு திரும்பியவர்கள் அவர்கள். சங்கம் வந்த பிறகு அறுவடை நெல் அவரவர் வீட்டுக்கு வந்தது. கணவனை இழந்த கமலேஸ்வரி சங்கக் கடனில் தையல் மெஷின் வாங்கினாள். ஊர்ப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் அவள் தைத்தவைதான். அவளுக்குப் பிணை நின்றவர்களில் விமலேஸ்வரியும் ஒருத்தி.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடியில் ஷெல் விழத் தொடங்கியது. சனம் மேற்கே நடந்தது. ஸ்கந்தபுரத்துக் காட்டோரம், பாலை மரங்களுக்குக் கீழே, தறப்பாள் கூரை போட்ட கொட்டில்களில் சங்கத்து அங்கத்தவர்களும் வந்து ஒதுங்கினார்கள். மாரி வந்தது. மாரியோடு மலேரியாவும் வந்தது.

சங்கத்தின் சேமிப்பு வங்கியில் இருந்தது. அந்த வங்கிக் கிளை ஏற்கனவே, ஆமியின் கட்டுப்பாட்டில் இருந்த வவுனியாவுக்குப் போய்விட்டது. அடுத்த ஆண்டு சித்திரையில், தலைவர் நல்லதம்பி எல்லோரையும் மர நிழலில் கூட்டினார்.

"அக்கராயன் குளத்துக்குக் கீழை வயல் குத்தகைக்குக் கிடக்கு. காசு இருந்தா வாற மாரியிலை காலபோகத்துக்கு எல்லாரும் சேர்ந்து விதைக்கலாம். நிவாரண அரிசியைப் பாத்துக்கொண்டு எவ்வளவு நாளைக்கு இருக்கிறது" என்றார்.

அவருக்கு நடக்கவே மூச்சு வாங்கியது. அதனால் காசு எடுக்கும் பத்திரங்களில் முன்கூட்டியே கையெழுத்து வைத்து விமலேஸ்வரியிடம் கொடுத்தார். இந்தப் பக்கத்திலிருந்து வெளியே போக, அதை ஆண்ட போராளி இயக்கத்தின் பாஸ் வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்று ஒருவர் பிணை நிற்கவும் வேண்டும். அவள் கணவன் சிற்றம்பலம் பிணை நின்றான். சின்ன மகள் வினோஜாவையும் அவனிடம் விட்டுவிட்டு அவள் புறப்பட்டாள்.

"ஒரு கிழமையிலை வந்திடுவன்" என்றாள்.

"கவனமாப் போயிட்டு வாரும்" என்றான் அவன்.

வவுனியாவில் இறங்கியதும் ஆமிக்காரர் அவளை ஒரு முகாமில் சேர்த்தார்கள். வன்னியிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் விசாரணை முடியும்வரை அங்கேதான் இருக்க வேண்டும். பகலில் வெளியே போய்வர அனுமதித் துண்டு கிடைக்கவே வாரங்கள் கழிந்தன. ஒருவழியாக வங்கிக்குப் போய்க் காசை எடுத்து, பாவாடையின் உட்பக்கத்தில் பை வைத்துத் தைத்துக்கொண்டாள். வைகாசியில், திரும்பிப் போக அனுமதி கேட்டுக்கொண்டிருந்தபோது, ஆமி வடக்கே நகரத் தொடங்கியது. பாதை மூடப்பட்டது.

அன்றைக்கு முகாமின் முள்ளுக்கம்பியைப் பிடித்தபடி, ஷெல் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அந்தச் சத்தம் போகும் திசையில்தான் மகள் இருந்தாள்.

மாதங்கள் போயின. பகலில் கடைச் சமையலறை ஒன்றில் பாத்திரம் கழுவினாள். காய்ச்சல் வந்தபோது முகாமில் கொடுத்த குளிசையோடு படுத்துக்கிடந்தாள். பக்கத்துப் பாயில் படுத்த பெண் அவளிடம் காசு இருப்பதை எப்படியோ அறிந்துகொண்டாள்.

"அக்கா, உங்கடை ஆக்கள் இப்ப எங்கை இருக்கினமோ. இந்தக் காசோடை கொழும்புக்குப் போனா ஒரு வழி பிறக்கும். பிறகு மகளையும் அங்கை எடுப்பிக்கலாம்."

"அது என்ரை காசில்லை" என்றாள் விமலேஸ்வரி. அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு எழுதிய கடிதங்களைச் செஞ்சிலுவைக்காரரிடம் கொடுத்தாள். அவற்றில் ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

மன்னார்ப் பக்கமாகப் பாதை திறந்து அவள் ஸ்கந்தபுரம் வந்து சேர்ந்தபோது காலபோகம் முடிந்து, அறுத்த வயல்களில் மாடுகள் மேய்ந்தன. கொட்டில் வாசலில் சிற்றம்பலம் இருந்தான். அவன் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் அது அவன் என்று அவளுக்குத் தெரிந்தது. வினோஜா தகப்பனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"சைக்கிள் எங்கை? பசு?"

"வித்துப்போட்டன். உம்மடை தோடும் வித்தாச்சு."

"ஏன்?"

"நீர் காசோடை ஓடிட்டீர் எண்டு கதை வந்திட்டுது. இயக்கத்தின்ரை காம்பிலையும் கூப்பிட்டு விசாரிச்சவை. காய்ச்சல்காரர் வந்து வாசல்லை நிண்டு தங்கடை காசைக் கேட்டால் நான் என்ன சொல்லுறது? ஏலுமானதைக் குடுத்தன்." "நீர் வருவீர் எண்டு எனக்குத் தெரியும். அதை அவையளுக்குக் காட்ட என்னட்டை ஒண்டும் இருக்கேல்லை."

நல்லதம்பி மார்கழியிலேயே காய்ச்சலில் செத்துப்போயிருந்தார். கமலேஸ்வரியின் மகனும் அதே மாதம் போயிருந்தான். மருந்துக்காக அவள் தையல் மெஷினை விற்றிருந்தாள். மல்லாவி ஆசுபத்திரிக்கு ட்ராக்டர் பிடிக்கவே அந்தக் காசு சரியாகிவிட்டது. அங்கே மருந்து இருக்கவில்லை.

அவள் வந்த மறுநாள் மர நிழலில் கூட்டம் நடந்தது. பாதிப்பேர் இல்லை. சிலர் இந்தியாவுக்கு வள்ளம் ஏறியிருந்தார்கள், சிலர் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. விமலேஸ்வரி காசை எடுத்துப் பாயில் வைத்தாள். முழுவதும் இருந்தது. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"விதைநெல் விலை ஏறிட்டுது எண்டு தெரியும்" என்றாள். "எல்லாரும் வயல் செய்ய இந்தக் காசு காணாது. ஆனா சேர்த்து வைச்சா ஒரு துண்டு வயலாவது செய்யலாம். பிரிச்சா ஒருத்தருக்கும் ஒண்டும் மிஞ்சாது."

"பிரியுங்கோ" என்றது பின்னால் இருந்து ஒரு குரல்.

விமலேஸ்வரி கமலேஸ்வரியைப் பார்த்தாள். அவள் ஒருத்தி சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள் என்று நினைத்தாள். கமலேஸ்வரி நிலத்தைப் பார்த்தபடி மெதுவாகப் பேசினாள்.

"அக்கா, இந்தச் சங்கத்தாலைதான் நான் நிமிர்ந்தனான். அதை மறக்கேல்லை. நீங்கள் காசைக் கொண்டுவந்து வைச்சிட்டியள். உங்களிலை பிழை இல்லை. ஆனா இனி என்னாலை ஒருத்தரையும் நம்பிக் காசு போடேலாது. நாளைக்கு நாங்கள் எங்கை இருப்பம் எண்டு ஆருக்குத் தெரியும்? என்ரை பங்கைத் தாங்கோ."

பிரித்தார்கள். ஒரு மூடை அரிசிக்குக்கூடக் காணாத காசை ஒவ்வொருவரும் மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். இந்தியாவுக்குப் போனவர்களின் பங்கை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. அது பாயில் கிடந்தது. சிற்றம்பலம் தங்கள் வீட்டுப் பங்கை வாங்க மாட்டேன் என்றான். அவன் விற்றுக் கொடுத்ததைப் பற்றி யாரும் பேசவில்லை, அவனும் பேசவில்லை.

பின்னேரம் விமலேஸ்வரி கமலேஸ்வரியின் கொட்டிலுக்குப் போனாள். மகனைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் போனாள். கமலேஸ்வரி தகரப் பேணியில் வெறுந்தேத்தண்ணி கொடுத்தாள். கடிக்கச் சீனி இல்லை. இருவரும் வாசலில் குந்தியிருந்தார்கள்.

பேணியைக் கீழே வைத்துவிட்டு, "வவுனியாவிலை பாண் என்ன விலை?" என்று கமலேஸ்வரி கேட்டாள்.

விமலேஸ்வரி சொன்னாள்.

"அங்கை மருந்து கிடைக்குதோ?"

"ஓம்" என்றாள் விமலேஸ்வரி. "கடையிலையே விக்கினம்."

கமலேஸ்வரி தலையை ஆட்டினாள். பிறகு எழுந்து, உள்ளே போய், பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள்.