குடுக்கலாமுங்க

அந்த மௌனம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் எனக்கு இப்போது நிச்சயமில்லை. ரவிக்குமார் பதில் சொல்வதற்கு முன்னும் பேசாமல் நின்றார், சொன்ன பின்னும் பேசாமல் நின்றார். அது ஒரு மூச்சு இழுக்கும் நேரமா, கையிலிருந்த டீ ஆறிப்போகும் நேரமா என்று கேட்டால் தெரியாது. பேசாமல் இருப்பதில் எனக்கு எப்போதுமே பிரியம் உண்டு. அதனால் பிறருடைய மௌனத்தையும் இருந்ததைவிடப் பெரிதாக நினைவில் வைத்துக்கொள்கிறேனோ என்னவோ. சொல்லில் மட்டும் சந்தேகமில்லை. அந்தச் சொல்லை அவர் சொன்னார்.

பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த ஒரு வீட்டின் மாடியில் நான் தனியாகக் குடியிருந்தேன். ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. கீழ் வீட்டில் வீட்டுக்காரர் பங்காரம்மாவும் அவருடைய ஒரே மகன் வம்சியும். பங்காரம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. எந்நேரமும் மூக்கில் குழாய். கட்டிலுக்குப் பக்கத்தில், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சல் மாடிவரைக்கும் வரும். படிக்க உட்கார்ந்தால் அது இருப்பதே மறந்துவிடும். நின்றால்தான் தெரியும்.

அந்தக் கோடையில் அது அடிக்கடி நின்றது.

மதியத்துக்கு மேல் குருடிமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும். இடி இடிக்கும், தூறல் பெரிய மழையாகும். மாடிப்படிக்குக் கீழே இருந்த மீட்டர் பெட்டிக்குள் 'டப்' என்று ட்ரிப்பர் விழும். எங்காவது கரண்டு கசிந்தால் ஆளை அடிப்பதற்குள் வீடு மொத்தத்தையும் அணைத்துவிடுகிற சுவிட்சுக்கு அதுதான் எல்லோரும் சொல்லும் பேர். தெரு முழுக்க விளக்கு எரியும். எங்கள் வீடு மட்டும் இருண்டு கிடக்கும். இன்வெர்ட்டர் இருந்தது. ஆனால் அந்த மெஷின் இழுக்கும் இழுப்பை அதன் கிழட்டு பேட்டரி தாங்கவில்லை. வம்சி புதிய பேட்டரிக்குச் சொல்லிவைத்திருந்தான், வந்தபாடில்லை. மெஷின் நின்று, நீளமாகக் கூவத் தொடங்கும்.

பங்காரம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்துகொண்டிருந்த மெர்சி மூலையில் நின்ற சிலிண்டரைத் திறப்பாள், குழாயை மாற்றுவாள், பிறகு ஓடி வந்து ட்ரிப்பரைத் தூக்கிவிடுவாள். சில நாள் நிற்கும். சில நாள் தூக்கத் தூக்க விழும். ஒரு மழையில் அப்படி விழுந்துகொண்டே இருந்தபோது நான் கீழே போயிருந்தேன். சிலிண்டரின் முள் இறங்கிக்கொண்டிருந்தது. வம்சி அதையே பார்த்தபடி கட்டிலருகில் உட்கார்ந்திருந்தான். அம்மாவின் மூச்சோடு சேர்ந்து அவனும் வாயைத் திறந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான். அவர் உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. அந்த மழை விட்டிராவிட்டால் அன்றைக்கே முடிந்திருக்கும் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

மெர்சி மட்டும்தான் அந்த வீட்டில் சத்தமாகப் பேசுகிறவள். முப்பது வயதைத் தாண்டியவள். கணவர் கதிர் லோடு ஆட்டோ ஓட்டினார், ஒரு மகள் பள்ளியில் படித்தாள். என்னைப் படியில் பார்த்தால் விடமாட்டாள்.

"ஏனுங்க சார், நீங்க வாயைத் தொறந்தா முத்துக் கொட்டிப் போகுமுங்களா?"

நான் சிரித்துவைப்பேன்.

"சிரிச்சே ஆளைக் கழிச்சுக் கட்டீருவீங்க. சரி, நேத்து மழையில எப்புடி வந்து சேந்தீங்க?"

"வெளிச்சம் இருந்துச்சு."

"இருந்துச்சா! நான் போட்டு வெச்சது, தெரியுமுங்களா? மானம் இருட்டுனாலே வாசல் கேட்டு லைட்டைப் போட்டுருவேன். நீங்க புஸ்தகத்தை மாரோட அணைச்சுக்கிட்டு ஓடி வாரீங்க. சாக்கடையில உழுந்து போட்டீங்கன்னா அப்புறம் உங்களையும் நானே பாக்கோணும்."

எலக்ட்ரீசியன் ரவிக்குமார் அந்தக் கோடையில் பலமுறை வந்தார். மழை பெய்யும்போது அவரால் வர முடியாது. அந்நேரம் ஊரில் பாதி வீட்டில் அவரைக் கூப்பிடுவார்கள். மழை விட்டு, வெயில் அடித்த பிறகுதான் வருவார். எல்லாச் சுவிட்சையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்ப்பார். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டார். ட்ரிப்பர் விழாது.

"டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் ஓடிப்போற மாதிரி ஆகுதுங்க" என்பார். "மழையில நனையுது, நான் வாரப்ப காஞ்சு போகுது. மழையப்பவே இருந்து பாத்தாத்தான் தெரியும்."

ஒருமுறை மோட்டார் பெட்டியில் பழைய ஒயர் ஒன்றைப் பிடித்து, இதுதான் என்று மாற்றிவிட்டுப் போனார். அடுத்த மழையில் மறுபடியும் விழுந்தது. வாசல் கேட்டுத் தூணில் இருந்த விளக்கை அவர் பார்க்கவேயில்லை. பகல் வெயிலில் அந்த விளக்கு எரிவதில்லை. அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

வம்சி அந்தக் கேள்வியைக் கேட்டது அப்படியொரு மழை கழிந்த மறுநாள் காலை. மீட்டர் பெட்டி முன்னால் வம்சி, ரவிக்குமார், நான் மூன்று பேரும் நின்றோம். மெர்சி எங்களுக்கு டீ கொடுத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். வம்சி தூங்கியிருக்கவில்லை.

"அண்ணா, இடிக்குத்தான் இது விழுதா?"

"இடி மின்னலுக்குச் சும்மாவே விழுகறதும் உண்டுங்க. பல்லடத்துல ஒரு கோழிப்பண்ணையில இதே ரோதனைதான். எதுன்னு உறுதியாச் சொல்ல முடியலைங்க."

"அப்ப ஒண்ணு பண்ணலாமா? இந்த ட்ரிப்பரையே விட்டுட்டு லைனை டைரக்டா குடுத்துட்டா?"

ரவிக்குமார் டீ டம்ளரைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"குடுக்கலாமுங்க" என்றார்.

மறுபடியும் பேசாமல் நின்றார். வம்சி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ரவிக்குமார் டம்ளரைப் படியில் வைத்துவிட்டு, "அம்மாவுக்கு இப்ப எப்புடிங்க இருக்குது? சாப்புடறாங்களா?" என்று கேட்டார். அடுத்த மழையில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

அன்று மாலை மெர்சி என் கதவைத் தட்டி, வறுத்த கடலை கொடுத்தாள். "ரவியண்ணன் பாவமுங்க. வேண்டாமுன்னு சொல்லறதுக்குள்ள வேர்த்துப் போச்சு" என்றாள்.

"வேண்டாம்னா சொன்னார்?"

"பின்னே? கேட்டுக்கிட்டுத்தானே நின்னீங்க? என்னைய மொதல்ல பொண்ணு கேட்டு வந்த எடத்துல எங்கப்பாவும் 'குடுக்கலாமுங்க'ன்னுதான் சொன்னாரு. சொல்லிப்போட்டு, உங்கூர்ல மழை எப்புடின்னு கேட்டாரு. வந்தவங்க காப்பியைக் குடிச்சுப்போட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா எப்புடிச் சொல்லறதுங்க?"

எனக்கும் அது தெரியும். இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். சம்மதம் என்றால் அந்தச் சொல்லின் பின்னாலேயே 'எப்ப வரட்டுமுங்க' என்று வந்துவிடும். பின்னால் ஒன்றும் வராமல், பேச்சு வேறு பக்கம் திரும்பினால், இல்லை என்று பொருள். வம்சி சிறு வயதிலேயே சென்னையில் விடுதியில் சேர்ந்தவன், பிறகு ஹைதராபாத். அம்மாவோடு தெலுங்கில் பேசுவான். அம்மாவுக்கு முடியாமல் போன பிறகுதான் ஊர் திரும்பினான். அவனுக்கும் புரிந்திருக்கும் என்றுதான் மெர்சி நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அவன் கேட்டதே எனக்கு ஏதோ வாய்ப்பேச்சாகத்தான் பட்டது.

அதன் பிறகு வந்த மழையில் கரண்டு போகவில்லை. இடி சன்னல்களை உலுக்கியது. மெஷின் ஒரே சீராக ஓடியது. ரவிக்குமார் வந்து கோளாறைக் கண்டுபிடித்துவிட்டுப் போயிருப்பார் என்று எண்ணிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தேன். கீழே பங்காரம்மா பேசும் குரல் கேட்டது. நெடுநாளைக்குப் பிறகு அவர் ஒரு முழு வாக்கியம் பேசினார்.

அடுத்த மழை சனிக்கிழமை பிற்பகல் வந்தது. நான் வீட்டில் இருந்தேன், வம்சியும் இருந்தான். தூறல் விழும்போதே மெர்சி மாத்திரை வாங்க மெடிக்கலுக்குக் கிளம்பினாள். போகும்போது வழக்கம்போல கேட்டு விளக்கைப் போட்டுவிட்டுப் போனாள்.

மழை வலுத்து, சாரல் உள்ளே அடித்ததால் சன்னலைச் சாத்த எழுந்தேன். கேட்டுக்கு வெளியே ஒரு குடை தலைகீழாகக் கிடந்து, தண்ணீர் நிறைந்துகொண்டிருந்தது. மெர்சி இரும்புக் கேட்டின் கம்பியைப் பிடித்தபடி மண்டியிட்டிருந்தாள். ஏதோ விழுந்துவிட்டது, தேடுகிறாள் என்று நினைத்தேன். பிறகு அவள் தலை தொங்கியிருப்பதைப் பார்த்தேன். தூண் விளக்கு அவள் மேல் எரிந்துகொண்டிருந்தது.

கத்தினேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. படியிறங்கி ஓடும்போது வம்சி வாசலைக் கடந்துவிட்டான். "தொடாதே" என்று கத்திக்கொண்டே மீட்டர் பெட்டியைத் திறந்தேன். ட்ரிப்பர் நிமிர்ந்தே நின்றது. அதற்குள் போகவேண்டிய ஒயர்களும் அதிலிருந்து வரவேண்டிய ஒயர்களும் அதைத் தாண்டி நேராக முறுக்கப்பட்டிருந்தன, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப் சுற்றிய விதத்திலேயே அது தொழில் தெரிந்தவர் செய்த வேலை இல்லை என்று தெரிந்தது. மெயினை இறக்கினேன்.

மெர்சியின் கை கேட்டை விட்டது. அதே நொடியில் வீட்டுக்குள் மெஷின் கூவத் தொடங்கியது.

வம்சி கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவே மழையில் நின்றான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். பிறகு அம்மாவிடம் ஓடினான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த அறையில் சிலிண்டரைத் திறக்க வேறு ஆள் இல்லை. இருந்தவள் வெளியே கிடந்தாள்.

எதிர்வீட்டுக்காரர்கள் வந்து அவள் நெஞ்சை அமுக்கினார்கள். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். மாத்திரைப் பொட்டலம் அவள் இடுப்பில் நனையாமல் இருந்தது. உள்ளேயிருந்து பங்காரம்மாவின் குரல் கேட்டது. "மெர்சி, கண்ணு, கரண்டு போயிருச்சு பாரு."

தூண் விளக்குக்குப் போகும் ஒயர் கேட்டின் கீல் பக்கம் நெடுநாளாக உரசி உரசித் தோல் தேய்ந்திருந்தது. நனைந்தபோதெல்லாம், விளக்கு எரிந்தபோதெல்லாம், கேட்டுக்குக் கரண்டு வந்திருக்கிறது. அப்போதெல்லாம் ட்ரிப்பர் விழுந்திருக்கிறது. விழுந்து விழுந்து எங்கள் எல்லோரையும் காப்பாற்றியதைத்தான் நாங்கள் கோளாறு என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

போலீஸ் ஸ்டேஷனில் வம்சி மறைக்கவில்லை. தானே வீடியோ பார்த்து மாட்டியதாகச் சொன்னான். "அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் சார் செஞ்சேன். குடுக்கலாம்னு சொன்னார்." அவன் பொய் சொல்லவில்லை.

ரவிக்குமார் சுவரோரம் நின்றார். "நான் வேண்டாமுன்னுதானுங்க சொன்னேன்." அவரும் பொய் சொல்லவில்லை.

வாக்குமூலம் எழுதியவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என்னைப் பார்த்தார். "நீங்க கூட நின்னீங்கள்லா? அவரு என்ன சொன்னாரு?"

"குடுக்கலாமுங்கன்னு சொன்னார். ஆனா சொன்ன விதம்..."

"சொன்னாரா, சொல்லலையா?"

"சொன்னார். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் பேசாம நின்னார். அது இல்லைன்னு அர்த்தம் சார். இறந்துபோன மெர்சிகூட அன்னைக்கே..."

"அவங்க வந்து சொல்ல மாட்டாங்க சார். பேசாம நின்னதை நான் எப்படி எழுத?" அவர் குரலில் கேலி இல்லை. உண்மையிலேயே கேட்டார். நான் யோசித்து நின்றதற்காகச் சற்றுக் காத்திருந்துவிட்டு எழுதினார். படித்துக் காட்டினார்: 'நேரடி இணைப்பு கொடுக்கலாம் என்று மேற்படி ரவிக்குமார் கூறினார்.'

"இதுல தப்பு இருக்கா?"

ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. பின்னால் இருந்த 'ங்க' மட்டும் இல்லை. மௌனத்தையும் கீழே எழுதச் சொல்லிக் கேட்டேன். 'சற்று தயங்கினார்' என்று சேர்த்தார். தயங்கிவிட்டுச் சம்மதித்தவராக ரவிக்குமார் அந்தத் தாளில் இன்னும் மோசமாகத் தெரிந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தபோது ரவிக்குமார் என்னிடம், "பரவாயில்லைங்க சார்" என்றார். அதற்கும் இங்கே என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

மெர்சியை ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். கதிர் லோடு ஆட்டோவை விற்றுவிட்டு மகளோடு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். பங்காரம்மா அந்த வருடத்து ஐப்பசி மழையில் இறந்தார். அப்போது கரண்டு இருந்தது, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வம்சி வீட்டைப் பூட்டிவிட்டு ஹைதராபாத்துக்குப் போனான். வாய்தாவுக்கு வந்து போகிறான். ரவிக்குமாருக்கு யாரும் ஒயரிங் வேலை கொடுப்பதில்லை. அவர் பல்லடத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் தறி ஓட்டுகிறார். வழக்கு இன்னும் முடியவில்லை. நான் உக்கடத்தில் ஒரு வீட்டுக்கு மாறிவிட்டேன். அங்கே மழை வந்தால் ட்ரிப்பர் விழும். தூக்கிவிடாமல், மழை விடும்வரை இருட்டில் உட்கார்ந்திருப்பேன்.