இரண்டு பையிலும் ஒரே மண்

1
இந்தக் கதை என் சோம்பலிலிருந்து வந்தது. எழுதுகிறவர்கள் வேறு பெரிய காரணம் சொல்வார்கள், நம்பாதீர்கள். நான் ஐந்தாவது வரை படித்தவன். பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காவிட்டாலும் எழுதுவேன்.

2
'ஓர் ஊரில் யாரையும் நம்பாத ஒரு கிழவன்...' (அடித்துவிட்டேன். என் சாயல் அதிகம்.)

'பக்கத்து நிலத்துக்காரன் ஒரு திருட்டுப்பயல்...' (இதையும் அடித்தேன். திருட்டுப்பயல்தான், ஆனால் இதில் அவனுக்குப் பங்கில்லை.)

சரி, நான்தான்.

3
மருமகள் வெள்ளரி போட நினைத்தாள். முன்பு நான் இரண்டு வயலுக்கும் கணக்கில்லாமல் பூச்சிமருந்து அடித்தவன். வீட்டருகே மணல் வயல், கோடியில் களிமண் வயல்.

"ரெண்டுலயும் மண்ணு எடுத்துக் குடுங்க மாமா, மருந்து தங்கியிருக்கான்னு சோதிச்சுட்டே போடலாம்" என்றாள்.

கோடியில் முழங்கால் சேறு. ஒரே மருந்து, ஒரே கை, மண்ணில் என்ன பேதம் என்று இரண்டு பையையும் மணல் வயலிலேயே நிரப்பினேன்.

இரண்டும் சுத்தம் என்று ஆய்வுக்கூடத்திலிருந்து தாள் வந்தது. ஈரம் நிற்கும் களிமண் வயலையே அவள் தேர்ந்தெடுத்தாள்.

4
ஆய்வுக்கூடத்துக்காரர் எனக்குப் போன் செய்தார்.

"பெரியவரே, ரெண்டு பையிலயும் ஒரே மணலா இருக்கே?"

"மண்ணுன்னா மண்ணுதான்."

"இல்லைங்க. மணலு மருந்தை விட்டுடும், மழையில இறங்கிப் போயிடும். களிமண்ணு வருஷக்கணக்கா பிடிச்சு வச்சுக்கும். வெள்ளரிக்கொடி அதை உறிஞ்சிடுமே."

"படிச்சவங்க பயமுறுத்தாம இருக்க மாட்டீங்களே" என்று வைத்துவிட்டேன்.

(இங்கே கதாநாயகன் திருந்த வேண்டுமாம். இவன் சாப்பிடப் போனான்.)

ஆனாலும் மனசை அரித்தது. அடியில் ஓட்டை போட்ட இரண்டு டப்பாக்களில் மணலையும் களிமண்ணையும் போட்டு, இந்தப் பேனா மையைத் தண்ணீரில் கலந்து ஊற்றினேன். மணலிலிருந்து நீலம் அப்படியே வடிந்தது. களிமண்ணிலிருந்து வெகுநேரம் கழித்துச் சொட்டியதில் நிறமே இல்லை.

அந்த ஆளை நம்பவில்லை. டப்பாவை நம்பினேன்.

5
முடிவு ஒன்று: கிழவன் வாயைத் திறக்கவில்லை. காய் நன்றாகக் காய்த்தது. பேத்தி முதல் வெள்ளரியைக் கடித்து...

(இதற்கு மேல் எழுத முடியவில்லை.)

முடிவு இரண்டு: மருமகளிடம் நேரில் சொன்னான். (பொய். அந்தத் தைரியம் இருந்தால் கதை எதற்கு?)

முடிவு மூன்று: இவ்வளவு நேரம் வாசகரிடம் பேசுவதுபோல உன்னிடம்தான் பேசினேன், மருமகளே. நாளைக் காலை விதைக்கிறேன் என்றாய். விதைப் பொட்டலத்தின் மேல் இந்த நோட்டை வைக்கிறேன். திட்டுவதானாலும் சரி, மண்வெட்டியைக் கொடுத்துச் சேற்றுக்கு அனுப்புவதானாலும் சரி, ஆறாவதை நீ எழுது. பக்கம் விட்டிருக்கிறேன்.

6