பெட்டியைத் திறக்கும் நாள்

"ஏய் ரேடியோ, அந்தப் பொட்டி சாவி யார்கிட்ட இருக்கு?"

"எதுக்குக்கா? போட்ட லெட்டர திரும்ப எடுக்கப் போறியா?"

தட்டச்சர் கேலிக்குத்தான் கேட்டாள். காதில் விழுந்ததை அடுத்த நிமிஷமே அலுவலகம் முழுக்க ஒலிபரப்பிவிடுவாள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். ஆனால் சாவியைக் கேட்ட ஆய்வக உதவியாளர் நிஜமாகவே எடுக்கத்தான் நினைத்தாள்.

மண் பரிசோதனை நிலையத்தின் வாசல் சுவரில் போன மாதம்தான் அந்தப் பச்சைப் பெட்டியை மாட்டினார்கள். பிறப்பு, மொழி, உடல்குறை, ஆண் பெண் என்று பார்த்து யாருக்காவது ஓரவஞ்சனை நடந்தால் எழுதிப் போடுங்கள், பெயர் தேவையில்லை என்று அதன்மேல் எழுதியிருந்தது. நேற்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு அவள் எழுதிப் போட்டாள். இன்று காலை முதல் சோதனைத் தாளை முடித்து, வலது மூலையில் தேதியும் சுருக்கொப்பமும் போட்டபோதுதான் கை அப்படியே நின்றது. பதினெட்டு வருஷமாக எந்தத் தாளும் அது இல்லாமல் அவள் கையை விட்டுப் போனதில்லை. நேற்றுப் பெட்டியில் போட்ட தாளும் அப்படித்தான் போயிருக்கிறது.

கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன் செய்தாள்.

"என்னங்க, ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"அடுப்ப அணைக்காம போயிட்டியா? நான் போய்ப் பாக்கவா?"

"நீங்க எந்திரிக்க வேணாம், இடுப்பு புடிச்சுக்கும். அந்த லெட்டர்ல ஒப்பம் போட்டுட்டேங்க."

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது.

"பேரே வேணாங்கிறான். நீ போய் முத்திரை குத்திட்டு வந்திருக்க."

"கை தானா போட்டுடுச்சு."

"உன் வேலை ஒப்பந்தத்தப் புதுப்பிச்சு அடுத்த மாசம் கையெழுத்துப் போடப் போறது யாரு? அந்த மேலாளர்தானே? வாயத் தெறக்காத. கேட்டா எனக்குத் தெரியாதுன்னு சொல்லு. நம்ம பொழப்பு உன் ஒருத்தி தலையிலதான் ஓடுது, ஞாபகம் வச்சுக்க."

பதினோரு மணிக்கு எல்லோரையும் கூடத்துக்கு வரச்சொன்னார்கள். தலைமையகத்திலிருந்து சமவுரிமை அலுவலர் வந்திருந்தார். குட்டையான பெண்மணி, மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்டியிருந்தார். எல்லோரும் ஒப்பமிட்ட வருகைப் பதிவேடு அவர் முன்னால் திறந்திருந்தது. கழற்றிக் கொண்டுவந்த பச்சைப் பெட்டியைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தார். மூன்று தாள்கள் விழுந்தன.

முதலாவது, தட்டச்சர் அறையில் மின்விசிறி ஓடவில்லை என்றது.

"இது ஓரவஞ்சனையில சேராதேம்மா," என்றார் அலுவலர்.

"மேலாளர் ரூம்ல ரெண்டு ஓடுதேம்மா," என்றாள் ரேடியோ. சிரிப்பு எழுந்தது. உதவியாளர் மடித்துக் கிடந்த மூன்றாவது தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வெற்றுத் தாள். மூன்றாவதைப் பிரித்ததுமே அலுவலரின் பெருவிரல் அதன் வலது மூலைக்குப் போனது. மூலையை உள்பக்கமாக மடித்து அழுத்திவிட்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வாசித்தார்.

"அணைக்காக நிலத்தை விட்டு வந்து மேட்டுக் குடியிருப்பில் இருப்பவர்கள் சோதனைக்கு அனுப்பும் மண் மூட்டைகளை உள்ளே எடுப்பதில்லை. வெளிக் கொட்டகையில் போட்டு வைத்து, சோதிக்காமலே பழைய எண்களை அவர்களுடைய மண்வள அட்டையில் எழுதுகிறார்கள். சுண்ணாம்பே ஆகாத களர் நிலத்துக்குச் சுண்ணாம்பு போடச் சொல்லி நான்கு வருஷமாக அட்டை போகிறது. அங்கே பயிர் நிற்பதில்லை."

மேலாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "இத எழுதினவன் யாருன்னு எனக்குத் தெரியும்மா." கதவோரம் நின்ற ஓட்டுநரைக் கைகாட்டினார். "அந்தக் குடியிருப்புலேர்ந்து இங்க வேலைக்கு வந்தவன் இவன் ஒருத்தன்தான். பாவம்னு எடுத்ததுக்கு நல்லாத்தான் கைம்மாறு பண்றே."

"சாமி சத்தியமா நான் இல்ல சார். எனக்கு இவ்வளவு கோர்வையா எழுத வராது சார்."

"நாளையிலேர்ந்து வண்டியத் தொடாத."

"யார் எழுதினதுன்னு கேட்டு நான் வரல," என்றார் அலுவலர். "எழுதியிருக்கிறது நெஜமான்னு கேக்கத்தான் வந்தேன். யார் அந்த எண்களை எழுதுறது?"

"அதான் ஆதாரமே இல்லையே," என்றார் மேலாளர். "மூட்டை வந்துச்சு, அட்டை போச்சு. ரெண்டுக்கும் பதிவேடு இருக்கு."

அலுவலர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். உதவியாளரிடம் வந்த பார்வை அங்கே நிற்காமல் தாண்டிப் போனது. என்னைத் தப்பிக்க விடுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. கதவோரம் ஓட்டுநர் வண்டிச் சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தான்.

"நான்தாங்க எழுதினேன்."

அவள் குரல் அவளுக்கே யாரோ பேசுவதுபோலக் கேட்டது.

"லெட்டரையா?" என்றார் அலுவலர்.

"அட்டையில எண்களையும். 'அவங்க மூட்டைய உள்ள கொண்டாராத, போன வருஷத்தையே போடு'ன்னு சார் சொன்னாரு. நான் போட்டேன்."

"பொய்!" என்றார் மேலாளர். "உன் ஒப்பந்தம்..."

"நீங்க உட்காருங்க சார்." அலுவலர் அவள் பக்கம் திரும்பினார். "இத நான் பதிவு பண்ணினா விசாரணைல உங்க பேரும் சேர்ந்து வரும். தெரியுமா?"

"தெரியுங்க."

"பயமா இருக்கா?"

"ரொம்பங்க."

"ஒரு நாற்காலி போடுங்க அவங்களுக்கு."

ரேடியோ நாற்காலியை இழுத்துப் போட்டாள். நாற்காலியைக் கொடுத்தவள் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். உதவியாளர் உட்கார்ந்தாள். மேலாளரின் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தாள். ஒரு ஜோடிச் செருப்பு அவள் எதிரே வந்து நின்றது.

"அக்கா." ஓட்டுநர் குரலை உயர்த்தவில்லை. "போன வருஷம் எங்கப்பா நிலம் பூராவும் கருகிப்போச்சு. அந்த அட்டைய எழுதினதும் நீங்கதானா?"

அவள் செருப்பிலிருந்து கண்ணை உயர்த்தி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாப்பா," என்றாள்.

அவன் வண்டிச் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டான். ஆனால் அங்கிருந்து நகரவில்லை.