மூன்று தடவை கேட்டால் போதும்

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் ஹன்னா என்ற யூதக் கிழவியை ஏழு வருடம் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, மாத்திரை விழுங்க வைத்தேன். செப்டெம்பரில் அவர்களுடைய புதுவருடம். அதற்கு முன்பே பழைய டயரியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் போன் போடச் சொல்வாள். "நான் செய்த பிழையை மன்னிப்பாயா?" என்று கேட்பாள். பாதிப்பேர் செத்திருந்தார்கள். கேட்பதற்குள் செத்துப்போனதற்காக அவர்களையும் திட்டுவாள்.

கடவுளுக்குச் செய்த பிழையைக் கடவுள் மன்னிப்பாராம். மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர் மன்னிக்கும்வரை தொடவே மாட்டாராம். எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் ஒரு தேங்காய்க்கு எல்லாவற்றையும் முடித்துத் தருவாள். ஹன்னாவின் கடவுளோ, அரசாங்கக் கச்சேரி கிளார்க் மாதிரி, "அது எங்க கவுண்டர் இல்ல" என்கிறார். ஒரு சலுகை மட்டும் உண்டு. மூன்று தடவை மனதாரக் கேட்டும் எதிராளி மறுத்தால், கேட்டவர் தப்பித்தார். எனக்குப் பிடித்தது அந்தச் சலுகைதான்.

ஹன்னா இறந்து, நான் இலங்கைக்கு, பொகவந்தலாவைக்குத் திரும்பிய வருடம் செப்டெம்பர் வந்ததும் அந்த டயரி மனதில் திறந்துகொண்டது. என்னுடையதில் ஒரே பெயர்: லோஜினி.

பதினொரு வருடத்துக்கு முன் இருவரும் தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியர் வேலைக்கு எழுதிப் போட்டோம். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் தபால்காரர் வருவதில்லை. ஆபீஸுக்கு வரும் கடிதங்களை அங்கே கூட்டிப் பெருக்கும் அம்மாக்கண்ணு அக்கா கொண்டுவருவார். லோஜினியின் நேர்முகத் தேர்வுக் கடிதத்தை அவள் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார். எனக்கு ஒன்றும் வரவில்லை. எங்கள் அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. உருவிக்கொண்டு வந்த கடிதம் நன்றாகவே எரிந்தது.

அப்பிளையும் கித்துள் பனைப் பாணியையும் எடுத்துக்கொண்டு போனேன். லோஜினி கொழுந்து பறித்துவிட்டு வந்து, காலில் ஒட்டிய அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது?"

"அவங்க புதுவருசத்துக்கு அப்பிள தேன்ல தொட்டு சாப்பிடுவாங்க. தேன் கெடைக்கல."

"வெளிநாட்டுலயிருந்து வாரவ சொக்லட் கொண்டாருவா. நீ பாணி கொண்டாந்திருக்க."

ஒரு துண்டை வாயில் போட்டாள். கடிதத்தை எரித்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அட்டை விழுந்து ரத்தம் ஓடியது. துடைக்காமல் என்னையே பார்த்தாள்.

"எந்திரிச்சி போ."

அடுத்த நாள் தண்ணீர் பிடிக்கும் பீலியில் கேட்டேன். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்றாவது நாள் அவள் வீட்டுக்குக் கேட்கப் போகும்போது, மறுத்துவிட வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். மன்னித்துவிட்டால், அப்புறம் அவளோடு முகம் பார்த்துப் பழக வேண்டுமே.

"முடியாது," என்றாள்.

"சரி. மூணு தடவ கேட்டாச்சி. இனி நான் கேக்கத் தேவையில்ல."

"யாரு சொன்னா?"

விளக்கினேன். மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"நல்ல சட்டம்டி. மூணு நாள்ல நீ சுத்தமாயிட்ட. நான் பதினொரு வருசமா கொழுந்துக் கூடையோட மல ஏறுறேன்."

சிரிப்பு நின்றது. பக்கத்து வீட்டுக் காம்பராச் சுவரைக் காட்டினாள். அங்கேதான் அம்மாக்கண்ணு அக்கா இருக்கிறார்.

"கதவுல செருகுனேன்னு அக்கா சொன்னத நம்பல; கடுதாசிய அது தொலைச்சிருச்சின்னு நெனச்சி பேச்ச விட்டேன். மக கல்யாணத்துக்கு இந்த வாசல்ல பந்தல் போட்டாங்க. நான் கதவ சாத்திக்கிட்டேன். அந்தப் பக்கம் இருமுனா, சாவட்டும்ன்னு சொல்லியிருக்கேன், சுலோ. சத்தமா."

மிச்ச அப்பிளை ஒரு தட்டில் அடுக்கினாள்.

"நீ வந்து அக்காகிட்ட உண்மைய சொல்லு. பெறகு நான் மன்னிப்பு கேக்குறேன். எத்தன தடவன்னு சொன்ன?"

அந்தத் தட்டோடு இருவரும் அடுத்த வாசலில் நின்றோம். நான் எல்லாம் சொன்னேன். பதற்றத்தில் மூன்று தடவைச் சட்டத்தையும் சொல்லிவிட்டேன். லோஜினி, "அக்கா, மன்னிச்சிருங்க," என்று மட்டும் சொல்லி அழுதாள். அம்மாக்கண்ணு அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். அப்பிள் தட்டை வாங்கிக்கொண்டார்.

"பதினொரு வருசம் என் சல்லடைய எரவல் கேக்க ஆளில்லாம நிம்மதியா இருந்தேன். இன்னைக்கி ஒன்னு ஆச்சா? இன்னும் ரெண்டு இருக்கு. நாளைக்கி வாங்க, ரெண்டு பேரும்."

கதவைச் சாத்தினார்.

"காலையில பெரட்டுக்கு பேர் குடுக்கப் போறதுக்கு முன்ன வந்திரு," என்றாள் லோஜினி. "நான் ஒன்ன இன்னும் மன்னிக்கல, தெரிஞ்சிக்க."