அப்பா இருந்த இடம்

விவாகரத்தாகி சூஸ் நகரத்துக்குத் திரும்பிய ரீம், மறைந்த அப்பா தன் கல்யாணத்தில் தன்னோடு ஆடிய படத்தைத் தேடினாள். முன்னாள் கணவன் சஃப்வான் கல்யாணமான புதிதில் அனுப்பிய மின்னஞ்சலில் வெற்றுக் கட்டம்தான் தெரிந்தது.

"படத்தைக் காட்டுன்னு பொத்தான் இருக்குக்கா, அழுத்தணும். இதுக்கா அழுதே, மக்கு?" என்று தங்கை ஹைஃபா சிரித்தபடி அழுத்தினாள்.

படம் வந்தது. அதில் வேறொரு மணப்பெண் வேறொரு அப்பாவோடு ஆடிக்கொண்டிருந்தாள்.

ஹைஃபாவின் சிரிப்பு நின்றது. "படம் மெயில்ல இல்லக்கா, அத்தானோட இணையதளத்துலேர்ந்து வருது. பழசை எடுத்துட்டு அதே பேர்ல தன்னோட புதுக் கல்யாணப் படத்தைப் போட்டிருக்கார்."

ரீம் அவனை அழைத்தாள்.

"அப்பாவோட ஆடுன படம் அது ஒண்ணுதான் சஃப்வான். பழசைத் தாயேன்."

"அழிச்சாச்சே. அது மணப்பெண்ணோட அப்பாவுக்கான இடம். அங்க உங்க அப்பாவுக்கு என்ன வேலை?" என்று அவன் சாவகாசமாகக் கேட்டான்.